பதினைந்து கிலோவுக்குக் கீழே

மின்மினிக்கு இருட்டு என்றால் ஆகாது. அறைக்குள் நுழையும் முன்பே கையை மட்டும் உள்ளே நீட்டி விளக்கைப் போடுவாள். அப்புறம்தான் காலை வைப்பாள். அவள் பல் தேய்க்கப் போனால் கூடம், சமையலறை, நடை எல்லாம் பளிச்சென்று எரியும். அவளுடைய சொந்தப் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவள் மின்மினிதான்.

அந்தப் பெயரை வைத்தது அம்மா. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து வைத்த பெயர் அது.

அம்மா, பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் பராமரிப்புப் பொறியாளர். வீடு அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில். வேலை தரைத்தளத்துக் கட்டுப்பாட்டு அறையில். அங்கே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை இருந்தது. அந்தத் திரைக்குள் அதே கட்டடம் இன்னொரு முறை இருந்தது! அதே பதினோரு மாடி, அதே கதவுகள், அதே குழாய்கள். அதற்கு டிஜிட்டல் இரட்டை என்று பெயர். எல்லோரும் சுருக்கமாக 'இரட்டை' என்பார்கள்.

கட்டடத்தில் இருக்கும் குழாய், பம்பு, கதவு, விளக்கு எல்லாவற்றிலும் குட்டிக் குட்டி சென்சார்கள் இருந்தன. நிஜக் கட்டடத்தில் ஒரு கதவு திறந்தால் இரட்டையிலும் திறக்கும். பத்தாவது மாடியில் குழாய் சொட்டினால், அந்த வீட்டுக்காரருக்கு முன்னால் இரட்டைக்குத் தெரிந்துவிடும். மின்மினி நடந்துபோனால் திரையில் அவள் போகிற வழியெல்லாம் மஞ்சள் புள்ளியாக விளக்குகள் எரியும். அதைப் பார்த்துத்தான் அம்மா சிரித்துச் சிரித்து அந்தப் பெயரை வைத்தாள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மின்மினியின் மஞ்சள் புள்ளி விழுந்ததே இல்லை. அது இரண்டாம் கீழ்த்தளம். தரைக்கு அடியில் இரண்டு மாடி இறங்க வேண்டும். அங்கே தண்ணீர்ப் பம்புகள் இருபத்துநாலு மணி நேரமும் முனகும். அந்தச் சத்தத்தை நினைத்தாலே அவள் காதைப் பொத்திக்கொள்வாள்.

மின்மினிக்கு மூன்றரை வயதில் ஒரு தம்பி. அவன் பெயர் வாண்டு. பெயரே போதும், மேலே சொல்ல வேண்டாம். போன வாரம் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் அவனை எடை பார்த்தார். அன்று முதல் எதிரே வருபவர்களிடமெல்லாம், "நான் பதினாலு கிலோ!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கட்டடத்தில் இன்னொருவரும் உண்டு. செம்பட்டை நிறப் பூனை. மாடி மாடியாகச் சுற்றிப் பார்ப்பதால் அதற்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர். சுற்றிப் பார்க்கப் படி ஏறுமா? ஏறாது. பின்பக்கத்துச் சாமான் லிஃப்ட்டில்தான் போகும். யாராவது பீரோ ஏற்றினால் கூடவே உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒரு தொல்லை வந்தது.

சாமான் லிஃப்ட் காலியாக இருந்தால் அதுவே இரண்டாம் கீழ்த்தளத்துக்குப் போய், விளக்கையும் விசிறியையும் அணைத்துத் 'தூங்கிவிடும்'. மின்சாரம் மிச்சம். ஆனால் பூனை உள்ளே இருந்தால் இரட்டை 'ஓர் ஆள்' என்று காட்டும். லிஃப்ட் தூங்காமல் அப்படியே நிற்கும்.

அம்மாவும் லிஃப்ட் மெக்கானிக்கும் உட்கார்ந்து யோசித்தார்கள். மெக்கானிக்கை மின்மினி 'லிஃப்ட் மாமா' என்பாள்.

"கொஞ்ச எடையா இருந்தா ஆள் இல்லைன்னு வச்சிடலாம் மேடம்," என்றார் லிஃப்ட் மாமா. "பூனை அஞ்சு கிலோ. நாளைக்குத் தின்னு தின்னு குண்டானாலும் பத்தைத் தாண்டாது. எதுக்கும் பதினஞ்சுன்னு போட்டுடுவோம்."

அப்படியே போட்டார்கள். பதினைந்து கிலோவுக்குக் கீழே எது ஏறினாலும் இரட்டை அதை ஆளாகக் கணக்கில் எடுக்காது. 'எடை 0' என்று காட்டும். பக்கத்தில் லிஃப்ட் மாமா விளையாட்டாகச் சேர்த்த ஒரு சின்னப் பூனைப் படமும் வரும். எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதுதான் பின்னால் பெரிய வினையாக வந்து நின்றது.

அன்று மாலை மூன்றரை மணி. மின்மினி பள்ளிக்கூடம் விட்டு வந்து, முதல் மாடியில் இருந்த குழந்தைகள் காப்பகத்திலிருந்து வாண்டுவை அழைத்துக்கொண்டாள். சாவி வாங்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். அங்கே சூடான கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் இன்ஸ்பெக்டர் சுருண்டு கிடந்தது. காலில் கட்டு.

"ஆணியில கிழிச்சுக்கிச்சு. இன்னைக்குப் பூராவும் இங்கதான். ரோந்து கிடையாது," என்றாள் அம்மா.

லிஃப்ட் மாமா கருவிப் பெட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எங்க மாமா போறீங்க?"

"மொட்டை மாடிக்கு. நாலரைக்குச் சாமான் லிஃப்ட்டுக்குப் பிரேக் சோதனை. காலி லிஃப்ட்டைக் கீழேயிருந்து மேலே விரட்டு விரட்டுன்னு விரட்டி, சடார்னு பிரேக் போடணும். உள்ள ஆள் இருந்தா ஒரு எலும்பு தேறாது!"

"ஐயோ, ஆள் இருக்காங்களான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

"அதான் இரட்டை இருக்கே. காலின்னு அது சொன்னாத்தான் பட்டனையே தொடுவேன்."

மூன்றாவது மாடி நடையில் வாண்டு, "ஒளிஞ்சு விளையாடலாம்!" என்று குதித்தான். எதிர்வீட்டுக்குப் புது சோபா வந்திருந்தது. ஆட்கள் அதை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். சாமான் லிஃப்ட் கதவு திறந்தபடி நின்றது.

"சரி, இருபது எண்ணுவேன். ஓடு!"

மின்மினி சுவரைப் பார்த்துத் திரும்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நாலு வரை சத்தமாக எண்ணினாள். அப்புறம் பையிலிருந்து படக்கதைப் புத்தகத்தை எடுத்தாள். நூலகத்தில் மூன்று வாரம் காத்திருந்து கிடைத்த புத்தகம். ஒரே ஒரு பக்கம் என்று நினைத்தாள். ஒரு பக்கம் நாலானது, நாலு பத்தானது. இடையில் எதிர்வீட்டு ஆட்கள் கிளம்பிப் போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

புத்தகத்தை மூடியபோது மணி நாலு.

"வாண்டு! வரேன்டா!"

செருப்பு அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். இல்லை. தொட்டிச் செடிகளுக்கு நடுவில் பார்த்தாள். வீட்டைத் திறந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். படிக்கட்டில் மேலே ஒரு மாடி, கீழே ஒரு மாடி ஓடிப் பார்த்தாள். எங்குமே இல்லை.

"வாண்டு, நான் தோத்துட்டேன். வெளிய வா!"

வழக்கமாக இதைச் சொன்னால் கிக்கிக்கீ என்று ஒரு சிரிப்பு எங்கிருந்தாவது வரும். இப்போது வரவில்லை. மின்மினி கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள்.

"அம்மா, வாண்டுவைக் காணோம்!"

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் டம்ளர் உருண்டது. "எப்போலேர்ந்து?"

மின்மினி வாயைத் திறந்தாள். இருபது நிமிடம் படக்கதை படித்தேன் என்று எப்படிச் சொல்வது?

"இப்பதாம்மா. அஞ்சு நிமிஷம்கூட ஆகலை," என்று சொல்லிவிட்டாள்.

அம்மா இரட்டையில் நாலு மணிக்குப் பிந்திய பதிவுகளை வேகவேகமாகத் தள்ளினாள். மொட்டை மாடிக் கதவு மூடியிருந்தது. தண்ணீர்த்தொட்டியும் மூடியிருந்தது. அம்மா ஒரு மூச்சு விட்டாள். மூன்றாவது மாடி நடையில் ஒரே ஓர் ஆள். அது மின்மினி. வாண்டுவின் சுவடே இல்லை.

அம்மா வாட்ச்மேனை வாக்கி டாக்கியில் கூப்பிட்டாள். "குழந்தை வெளிய வந்தானா?"

கரகரவென்று பதில் வந்தது. "நான் பார்க்கலையே மேடம்... ஆனா இப்ப ஒரு அஞ்சு நிமிஷம் சோபா லாரி பின்னால எடுக்க வழி காட்டிட்டு இருந்தேன். கேட் திறந்துதான் இருந்தது."

அம்மாவின் முகம் வெளுத்தது. கட்டடத்தின் முன்னால் பெரிய சாலை. பஸ்களும் லாரிகளும் போகிற சாலை.

"நீ இங்கயே இரு. திரையைப் பார்த்துக்கிட்டே இரு. நகராதே!" என்று சொல்லிவிட்டு அம்மா செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். போனும் மேசையிலேயே கிடந்தது.

அறையில் மின்மினி தனியாக நின்றாள். அவளுடைய பொய்யை நம்பித்தான் அம்மா சாலைக்கு ஓடுகிறாள். அது நினைவுக்கு வந்ததும் காதெல்லாம் சூடானது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் திரை தெரியாது என்பதால் அடக்கிக்கொண்டாள்.

திரையைப் பார்க்க யாராலும் முடியும். எதையாவது மாற்றத்தான் அம்மாவின் கைரேகை வேண்டும். மின்மினி பதிவுகளைப் பின்னால் தள்ளினாள். நாலு மணியைத் தாண்டி, அதற்கும் முன்னால். அவள் படித்துக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடத்துக்கு.

3.41. மூன்றாவது மாடி நடை. இரண்டு ஆட்கள்.

3.42. மூன்றாவது மாடி நடை. ஓர் ஆள்.

ஓர் ஆள் எங்கே போனான்? படிக்கட்டுக் கதவு திறக்கவில்லை. எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை. அடுத்த வரியைப் பார்த்தாள்.

3.44. சாமான் லிஃப்ட். கதவு மூடியது. எடை 0. பக்கத்தில் சின்னப் பூனைப் படம்.

3.45. சாமான் லிஃப்ட். இரண்டாம் கீழ்த்தளம். தூங்குகிறது.

'சே, பூனைதானா' என்று அடுத்த வரிக்குப் போகப் பார்த்தாள். அப்போது பின்னால் கொட்டாவிச் சத்தம் கேட்டது.

திரும்பினாள். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல், காலில் கட்டோடு, இன்ஸ்பெக்டர் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

பூனை இங்கே இருக்கிறது. அப்படியானால் லிஃப்ட்டில் போன பூனை எது?

"நான் பதினாலு கிலோ!" என்ற குரல் அவள் காதுக்குள் கேட்டது.

திரையின் மேல் ஓரத்தில் சிவப்பு எழுத்துகள் மின்னின. 'சாமான் லிஃப்ட் பிரேக் சோதனை 4.30. லிஃப்ட் காலி. சோதனை செய்யலாம்.'

மணி 4.25.

வாக்கி டாக்கியைப் பிடித்துக் கத்தினாள். "மாமா! லிஃப்ட் மாமா! வேண்டாம்! உள்ள வாண்டு இருக்கான்!" பதில் இல்லை. மொட்டை மாடி இயந்திர அறையின் இரைச்சலுக்கு அவர் காதில் அடைப்பான் மாட்டிக்கொள்வார். "வாட்ச்மேன் அண்ணே!" என்று கத்தினாள். அங்கேயும் பதில் இல்லை. அவரும் அம்மாவோடு சாலையில் தேடிக்கொண்டிருந்தார்.

மொட்டை மாடிக்குப் பதினோரு மாடி. ஐந்து நிமிடத்தில் ஏற முடியாது. மேலே போக முன்பக்கத்து ஆள் லிஃப்ட்டுக்குக் காத்திருந்து, அது வராமல் போனால்?

கீழே இரண்டே மாடி. தூங்குகிற லிஃப்ட்டின் வெளிப் பொத்தானை அமுக்கினால் கதவு திறக்கும். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் ஓர் அங்குலம்கூட நகராது. அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் சோதனை தொடங்கிவிட்டால் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது.

மின்மினி ஓடினாள்.

படிக்கட்டுக் கதவைத் தள்ளியதும் கீழேயிருந்து பம்புகள் முனகுவது கேட்டது. ஈரமான குளிர் முகத்தில் அடித்தது. ஆள் வந்த பிறகுதான் இங்கே விளக்கு எரியும். அவள் எப்போதும் விளக்கைப் போட்டுவிட்டுக் காலை வைப்பவள். இன்று முதலில் காலை வைக்க வேண்டும். இருட்டில், அதன் பிறகுதான் விளக்கு.

கால் நகர மறுத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஒளிந்து விளையாடும்போது எண்ணுவதுபோலச் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு!" ஒரு படி இறங்கினாள். ஒரு விளக்கு எரிந்தது.

"ரெண்டு! மூணு!" குரல் நடுங்கியது. பம்பு 'ம்ம்ம்' என்று பதில் சொன்னது.

பதினைந்தில் முதல் கீழ்த்தளம் வந்தது. முப்பதில் இரண்டாவது. அங்கே ஒரு விளக்கு எரிந்து, சிமிட்டி, அணைந்துபோனது. மின்மினி அலறிவிட்டாள். அலறிக்கொண்டே ஓடினாள். பம்புகளைத் தாண்டி, சொட்டுகிற குழாயைத் தாண்டி, சுவரைத் தடவித் தடவி லிஃப்ட் கதவைத் தொட்டாள்.

"வாண்டு! வாண்டு!"

உள்ளே சத்தமே இல்லை.

பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கினாள். நேரம் ஆகிவிட்டதோ? அப்போது பொத்தானைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் மெல்ல எரிந்தது. லிஃப்ட் தூக்கத்திலிருந்து விழித்துக்கொண்டது. உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

சுவர் கீறாமல் இருக்கச் சோபாக்காரர்கள் மாட்டிய தடித்த போர்வைகள் உள்ளே தொங்கின. ஒரு போர்வைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன.

மின்மினி பாய்ந்து போர்வையை விலக்கினாள். வாண்டு மூலையில் முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வியர்வையும் கண்ணீரும்.

அவன் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தான். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"ஏங்க்கா இவ்ளோ நேரம் எண்ணினே?"

மின்மினி அவனை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பதினான்கு கிலோ! சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

பின்னால் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. ஒரு நொடி அமைதி. அடுத்த நொடி, வீல் என்று ஒரு கீச்சொலியோடு லிஃப்ட் மேலே பாய்ந்தது. சுவர் அதிர்ந்தது. எங்கோ உயரத்தில் டமார் என்று ஒரு சத்தம். மேலேயிருந்து பொலபொலவென்று தூசி கொட்டியது.

வாண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மின்மினி அவனைவிட இறுக்கமாகக் கட்டிக்கொண்டாள்.

படிக்கட்டில் வெறுங்கால்கள் தடதடவென்று இறங்கி வந்தன. சாலையிலிருந்து திரும்பிவந்த அம்மா திரையைப் பார்த்திருக்கிறாள். மின்மினி ஒருநாளும் போகாத இடத்தில் வரிசையாக மஞ்சள் புள்ளிகள்! வேறு எதையும் யோசிக்காமல் ஓடிவந்துவிட்டாள்.

இருவரையும் ஒரே பிடியில் அள்ளிக்கொண்டாள்.

"அம்மா," என்றாள் மின்மினி. "நான் பொய் சொன்னேன். அஞ்சு நிமிஷம் இல்லை, இருபது நிமிஷம். எண்ணாம கதை படிச்சேன்."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று மின்மினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்கிட்ட உண்மையைச் சொல்லிடு. எவ்வளவு கோபம் வந்தாலும் நான் முதல்ல கேட்டுக்கறேன்," என்றாள் அம்மா. "பதினஞ்சு கிலோன்னு போட்டது நாங்க. அதை நானும் ஒத்துக்கணும் இல்லையா?"

விஷயம் தெரிந்து லிஃப்ட் மாமா பதினோரு மாடியும் படியிலேயே இறங்கி வந்தார். அன்றைக்கு அவருக்கு லிஃப்ட் ஏறவே மனம் வரவில்லை. வந்தவர் வாண்டுவைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துவிட்டு, கருவிப் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மாமா, நான் பதினாலு கிலோ," என்றான் வாண்டு.

"தெரியும்டா கண்ணு," என்று சொன்னவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிமே ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்."

அன்றைக்கே அம்மா பதினைந்தை அழித்துவிட்டு 'ஒன்று' என்று போட்டாள். பூனைப் படத்தையும் எடுத்துவிட்டார்கள். சோதனைக்கு முன்னால் இனிமேல் லிஃப்ட் மாமா கீழே போய்க் கதவைத் திறந்து, தன் கண்ணாலேயே ஒருமுறை பார்த்துவிடுவார். கட்டு பிரித்த இன்ஸ்பெக்டர் மறுபடி ரோந்துக்குக் கிளம்பியது. அது ஏறினால் இரட்டை 'ஓர் ஆள்' என்று காட்டும். லிஃப்ட்டும் மரியாதையாக அப்படியே நிற்கும். மின்சாரச் செலவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

மின்மினிக்கு இருட்டு இன்னமும் பிடிக்காது. இப்போதும் கையை நீட்டி விளக்கைப் போட்டுவிட்டுத்தான் அறைக்குள் போகிறாள்.

இரண்டு நாள் கழித்து, மூன்றாவது மாடி நடையில் வாண்டு மெல்ல வந்து நின்றான்.

"ஒளிஞ்சு விளையாடலாமா?"

மின்மினி புத்தகத்தை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டினாள். சுவரைப் பார்த்துத் திரும்பினாள். ஒரு எண்ணைக்கூட விடாமல், கட்டடமே கேட்கும்படி எண்ணினாள்.

"பதினெட்டு! பத்தொன்பது! இருபது!"

கண்ணைத் திறந்தாள். வாண்டு எங்கேயும் ஓடவில்லை. அவள் காலடியிலேயே, அவளுடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்று கேட்டான்.

"கண்டுபிடிச்சிட்டேன்டா," என்றாள் மின்மினி.